எட்டு வெள்ளை நட்டுகள்

அன்பு மகன் சாமுவேலுக்கு,

உன் கிடார் பெட்டி இன்னும் நம் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பார்சல் லாரியில் இடம் இல்லை என்று போன வாரம் போனில் சொன்னேன் அல்லவா, அது உண்மை இல்லை. லாரியில் இடம் தாராளமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கட்டும் என்றுதான் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது, அதற்கு மேல் விரல் வலிக்கிறது. ஓசூரில் பெட்டி வந்து நீ மூடியைத் திறந்ததும் முதலில் இதுதான் கையில் கிடைக்கும். இதைப் படித்து முடித்த பிறகு கருவியைத் தொடு. கிடாரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். ஒன்று சரியாக இல்லை. அதற்குக் காரணம் கிடார் இல்லை, விற்ற டீச்சரும் இல்லை, நான். படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகத் திருப்பி அனுப்பு. டீச்சரிடம் பேசிவிட்டேன், அவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்காக வைத்துக்கொள்ளாதே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ அனுப்பிய தாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து சின்னதாக இருக்கும் என்று பெரிய எழுத்தில் கையால் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தாய். உறையின் மேல் என் பெயர். என் பெயருக்குத் தபால் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது, மின்சார வாரியத்திலிருந்து வந்திருக்கிறது. ஆனால் நான் படிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி அனுப்பியது அதுதான் முதல். உன் அம்மா கையை நீட்டினாள். "குடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன்." நான் கொடுக்கவில்லை. "பேரு யாரு பேரு போட்டிருக்கு?" என்றேன். "ஆமா, பெரிய கலெக்டரு! நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கிடாரை வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அடுப்பில் வேலை ஒன்றும் இல்லை. வாசலுக்கு மறுபக்கம் நின்று நான் எந்த எழுத்தில் நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பத்துக் கேள்விகள் எழுதியிருந்தாய். மரத்தில் விரிசல் உண்டா, நான்கு கால்களும் ஆடாமல் நிற்கின்றனவா, பத்துக் கம்பிகளும் இருக்கின்றனவா, துரு எங்கே இருக்கிறது, மூன்று பெடல்களும் மிதிபடுகின்றனவா, முட்டியால் தள்ளும் லீவர் வேலை செய்கிறதா. ஏழாவது கேள்வியை நீ அடிக்கோடு போட்டிருந்தாய். 'பெடலை மிதித்தால் கம்பியின் சத்தம் மேலே ஏறும். காலை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே திரும்ப வருகிறதா? இதுதான் முக்கியம்.' அன்று சாயங்காலம் வரை பத்தையும் நான்கு தடவை படித்தேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள அங்கன்வாடியில் மத்தியான வகுப்புக்கு நான் போய்வந்தபோது என்னோடு படித்தவர்கள் பதினோரு பேரும் பெண்கள். "அண்ணே, நீங்க இனிமே படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப் போறீக?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். உன் தாளை எடுத்துப்போய் அவர்களிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கூடவே என் சின்ன ஸ்பேனரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மறுநாள் நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கருவிகளை எடுத்துப் போகச் சொல்லி நீ எழுதவில்லை. தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த நாற்பது வருடமும் அவை இல்லாமல் நான் எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை.

விற்கிறவர் கிரேஸ் டீச்சர். நீ போனில் பேசியிருக்கிறாய், நேரில் பார்த்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். அவருடைய வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் இதை வாங்கி, திரும்பும்போது கொண்டு வந்திருக்கிறார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்காகச் செய்த சின்னக் கிடார்தான், பெரிய வித்துவான்கள் வாசிப்பது இதைவிட இரண்டு மடங்கு இருக்கும் என்று டீச்சர் சொன்னார். சார் போய் மூன்று வருடம் ஆகிறது. டீச்சர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகப் போகிறார், அதனால் விற்கிறார். ஏன் விற்கிறார்கள் என்பது உன் எட்டாவது கேள்வி. எதைப் பழசாக வாங்கினாலும் அந்தக் கேள்வியை முதலாவதாகப் போடு. காரணம் வீட்டில் இருந்தால் பொருளில் குறை குறைவாக இருக்கும். பொருளில் குறை இருந்தால் வீட்டுக்காரர் காரணம் தேடிக்கொண்டு நிற்பார். மிஷின் வாங்க எத்தனையோ பேருக்குத் துணைக்குப் போன அனுபவத்தில் சொல்கிறேன்.

கிடார் என்றதும் தோளில் மாட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு காலில் நிற்கிற சின்ன மேசை. மேலே பத்துக் கம்பி. கீழே மூன்று பெடல், பெடலிலிருந்து மேலே போகிற கம்பித்தண்டுகள், முட்டி படுகிற இடத்தில் ஒரு லீவர். "டீச்சர், இது நம்ம தையல் மிஷின்தானே!" என்றேன். "எங்க வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் இஸ்திரி மேசையான்னுதான் கேட்டிருக்காங்க. நீங்கதாண்ணே முதல்ல மிஷினுன்னு சொன்னது" என்றார். அவரிடம் அனுமதி கேட்டுத் தரையில் படுத்து அதன் அடிவயிற்றைப் பார்த்தேன். சாமு, எவ்வளவு அழகான வேலை தெரியுமா. பெடலை மிதித்தால் தண்டு இழுக்கிறது, தண்டு ஒரு குறுக்குக் கம்பியைத் திருப்புகிறது, அது இன்னொரு தண்டை இழுக்கிறது, அந்தக் கடைசித் தண்டுதான் கம்பியை முறுக்கி சத்தத்தை ஏற்றுகிறது. பவர் மிஷினில் முட்டியால் தள்ளித் துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்குவோமே, அதே லீவர் இங்கேயும் இருக்கிறது. பாட்டு என்பது எங்கோ வானத்திலிருந்து வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அது என் தொழிலுக்குள்ளேயே இருந்தது என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, பார்த்து, பென்சிலால் டிக் போட்டேன். டீச்சர் ஏழாவதுக்கு வந்தபோது ஒரு கம்பியைத் தட்டிப் பெடலை மிதித்துக் காட்டினார். சத்தம் வழுக்கிக்கொண்டு ஏறியது, காலை எடுத்ததும் இறங்கி அதே இடத்தில் உட்கார்ந்தது. மூன்று பெடலும், லீவரும் அப்படியே. டிக் போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

அவர் காப்பி போட உள்ளே போனார். நான் வலது பக்கக் கடைசியைப் பார்த்தேன். அந்தத் தண்டுகளின் நுனி வெளியே தெரிகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் மாதிரி எட்டு நட்டு. தொட்டுப் பார்த்தால் எல்லாம் லூசு. ஒன்று கொஞ்சம் உள்ளே, ஒன்று கொஞ்சம் வெளியே, எட்டும் எட்டு அளவில். மூன்று வருடமாகக் கவனிக்க ஆள் இல்லாத கருவி, அதிர்ந்து அதிர்ந்து கழன்றிருக்கிறது, அனுப்புகிற வழியில் விழுந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர்களுக்கு நாற்பது வருடம் மிஷின் பார்த்தவன் லூசான நட்டைப் பார்த்தால் யோசிக்க மாட்டான், கை தானாகப் போய்விடும். ஸ்பேனரை எடுத்து எட்டையும் சமமாக, அழுத்தமாகத் திருகிவிட்டேன். அரை நிமிட வேலை. செய்துவிட்டு, என் மகனுக்கு வருகிற பொருளைக் கொஞ்சம் சீர்படுத்திவிட்டேன் என்று சந்தோஷமாகவும் இருந்தேன்.

டீச்சர் காப்பியைக் கொடுத்துவிட்டு, "அவரு எனக்கு ஒரே ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தாரு, கிறிஸ்துமஸ் பாட்டு. கடைசியா ஒருதரம் வாசிச்சிட்டு உங்ககிட்டத் தந்துர்றேன்" என்று உட்கார்ந்தார். விரல்களில் வளையம் மாதிரி, கம்பி மீட்டும் பிக்கை மாட்டிக்கொண்டார், இடது கையில் உருண்டை இரும்புத் துண்டை எடுத்துக் கம்பிமேல் வைத்தார், பெடலை மிதித்தார். இரண்டாவது வரியிலேயே கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினார். நான் எட்டிப் பார்த்தேன். காலை எடுத்த பிறகும் தண்டு முழுதாகத் திரும்பவில்லை, நான் முடுக்கிய நட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த நட்டுகள் லூசாக இல்லை, சார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அந்த அளவில் விட்டுவைத்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அவர் போன பிறகும் அங்கே அப்படியே இருந்தது அந்த அளவுதான். அதை நான் அழித்துவிட்டேன்.

வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் சொன்னார், "கருவி மேல தப்பு இல்லண்ணே. எனக்குத்தான் மறந்துபோச்சு. முந்தாநாள்கூட வாசிச்சேன், நல்லாத்தான் வந்துச்சு. இப்ப எல்லாமே இப்பிடித்தான் மறக்குது." நான் வாயை மூடிக்கொண்டேன். "வயசானா அப்படித்தான் டீச்சர்" என்று ஒரு வார்த்தை வேறு சொன்னேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று உனக்குப் போன் செய்து எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கிக்கொள் என்றேன். நீ அங்கே துள்ளியது எனக்கு இங்கே கேட்டது. இரண்டு நாள் கழித்துப் பெட்டி ஆட்டோவில் நம் வீட்டுக்கு வந்தது.

இப்போது உன்னிடம் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். இது முப்பது வருடப் பழசு. நீ ஒன்பதாவது படித்தபோது, கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பாடகர் குழுவுக்குப் புதிதாகப் பையன்களை எடுத்தார்கள். பாட்டு மாஸ்டர் உன்னிடம் ஒரு அச்சடித்த தாள் கொடுத்து, அப்பாவிடம் எழுதி வாங்கி வா என்று அனுப்பினார். உன் அம்மா அப்போது சின்ன அத்தையின் பிரசவத்துக்காக எழுமலையில் இருந்தாள், ஒரு மாதம் வரவில்லை. நீ தாளைக் கடையில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். "ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுக்கணும்ப்பா" என்றாய். நான் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன், தலையை ஆட்டினேன், மேசையில் வைத்தேன். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேனே, அதே தலையாட்டல்தான். பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கலாம். மாஸ்டரிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். கேட்டால் தெரிந்துபோகும் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை ஒரு தையல்காரருக்கு பாபின் கேஸ் நான்கு மடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, எண்ணெய்க் கையோடு அந்தத் தாளில் மடித்துக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று எத்தனையோ நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன். ஞாயிறு காலையில் நீ, "எழுதிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "இந்த வருசம் வேணாம், படிப்பைப் பாரு" என்றேன். மறுபடி நீ கேட்கவில்லை. அடுத்த வருடமும் கேட்கவில்லை. எனக்குப் பாட்டு பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டாய். அது எனக்கு வசதியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நீ கல்யாணமாகி முப்பது வயதுக்கு மேல் தனியாகக் கிடார் கற்றுக்கொண்டாய் என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் நான் வகுப்பில் சேர்ந்தபோது உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி அனுப்பினாய்.

பெட்டி வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் உன் அம்மாவிடம் சொன்னேன். நட்டு விஷயத்தைத்தான் சொன்னேன், தாள் விஷயம் அவளுக்குப் பல வருடமாகவே தெரியும். "ஊசி முனையைப் பாத்தாலும் அதுல ஒரு ஸ்குரூவு இருக்கான்னு தேடுற ஆளு நீங்க" என்று முதலில் சிரித்தாள். டீச்சர் சொன்னதையும் நான் சொன்னதையும் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தம்மாவுக்கு மறதின்னு சொல்லிட்டு வந்துட்டீகளா? மொதல்ல அதைப் போய்ச் சொல்லுங்க. கிடாரு கிடக்குது" என்றாள். மறுநாள் காலை ஆட்டோ பிடித்துக் கிடாரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே நின்று சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.  "அடப்பாவி மனுசா!" என்றார் டீச்சர். "அஞ்சு நாளா எனக்கு மறதி வியாதி வந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி, டாக்டர்கிட்ட நாள் வாங்கச் சொல்லிட்டேன். எம்மக அழுகுறா!" நான் தலையைக் குனிந்து நின்றேன். "தப்புதான் டீச்சர்." "தப்புதான். முப்பத்தாறு வருசம் கணக்கு சொல்லிக் குடுத்திருக்கேன், முட்டை வாங்குன பயலுககூட என்கிட்ட இப்படிப் பொய் சொன்னதில்ல." அப்புறம் ஆட்டோவைப் பார்த்தார். "அதை ஏன் வெயில்ல வச்சிருக்கீங்க? உள்ள கொண்டாங்க" என்றார். மகளுக்குப் போன் போட்டு, "ஒரு மெக்கானிக் அண்ணன் பண்ணுன கூத்துடி" என்று அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதன் பிறகுதான் எனக்குக் காப்பி வந்தது.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முதலில் எட்டு நட்டையும் தளர்த்தினேன். தண்டுகள் எல்லாம் தங்கள் இடத்துக்குத் திரும்பின, வெறும் கம்பியின் சத்தம் சரியாகிவிட்டது. ஆனால் மிதித்தால் எவ்வளவு ஏற வேண்டும் என்பது நட்டில்தான் இருக்கிறது. அவர் மிதித்துக்கொண்டு கேட்பார், நான் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருகுவேன். "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... ஐயோ, கூடிப்போச்சு, பின்னால வாங்க." அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டு மட்டும். அந்தப் பாட்டை வைத்துத்தான் அளந்தோம். முதல் பெடலுக்கு இரண்டு நட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, முட்டி லீவருக்கு இரண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறும் வந்துவிட்டன. டீச்சர் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். எங்கும் நிற்கவில்லை. வாசித்து முடித்து, "எனக்கு மறக்கல, பாத்தீங்களா?" என்று கேட்டார். "மறக்கல டீச்சர்" என்றேன்.

மூன்றாவது பெடலை மட்டும் எங்களால் சரி செய்ய முடியவில்லை. அவருடைய பாட்டில் அந்தப் பெடலே வராது. சார் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எவ்வளவு ஏற வேண்டும் என்பது மதுரையில் இப்போது யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நட்டிலும் தையல் சாக்பீஸால் நீலக் கோடு போட்டிருக்கிறேன். நீ அதைக் கற்றுக்கொண்ட பிறகு திருகு. அதுவரை யாரையும் தொட விடாதே, முக்கியமாக நான் ஓசூர் வரும்போது. மற்றபடி மரத்தில் விரிசல் இல்லை. பின்கால் ஒன்றில் கொஞ்சம் துரு, தேங்காயெண்ணெய் போடாதே, மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். சொட்டு என்றால் சொட்டுதான், அதிகம் விட்டால் தூசி பிடித்து இறுகிவிடும். லூசாக இருக்கிற எதையும் முதலில் கேட்டுப் பார், ஒருவர் யோசித்துத்தான் அப்படி விட்டிருக்கலாம். எனக்கு இது எழுபது வயதில் தெரிந்தது.

உன் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவதில் போட்ட டிக்கை அழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், 'திரும்ப வருகிறது. மூன்றாவது பெடல் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நான் திருகியது' என்று எழுதி, கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வித்தாளுக்கு நானே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல்.

மாஸ்டர் கொடுத்த அந்தத் தாளில் என்னென்ன கேட்டிருந்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. நீ அதை எத்தனையோ தடவை படித்திருப்பாய். நினைவிருந்தால் உன் கையால், இதே மாதிரி பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. நிரப்பி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது, எனக்கு ஒரு வாரம் வேண்டும்.

உன் அப்பா